பாலைநிலத்துக் கை

சிலி நாட்டின் வடபுலத்தே, அந்தோபகஸ்தா நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீற்றர் செல்வோர், நெடுஞ்சாலையின் ஓரத்தில் மணலினின்றும் எழுந்து நிற்கும் மாபெரும் மனிதக் கையொன்றைக் காண்பர். இரும்பும் சீமெந்தும் கொண்டு அமைந்த இதன் உயரம் 11 மீற்றர். சிற்பி மரியோ இராறாசாபல். திறந்து வைக்கப்பட்ட ஆண்டு 1992. இவரே 1982இல் உருகுவே நாட்டின் கடற்கரையொன்றிலும் மணலிலிருந்து விரல்கள் மேலெழும் சிற்பத்தைப் படைத்திருந்தார். அங்கு அலைகளேனும் அருகிருந்தன. இங்கோ அற்றக்காமாப் பாலையின் வெறுமையன்றி வேறொன்றுமில்லை.

ஆயினும், வெறுமை என நாம் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. இப்பாலை வெடியுப்பு நிலமாகும். 1878இல் பொலிவிய அரசு இவ்வுப்பின் ஏற்றுமதிமீது விதித்த பத்துச் சதவரி போருக்கு உடனடிக் காரணமாயிற்று. அன்று பொலிவியாவுக்குரியதாயிருந்த அந்தோபகஸ்தாவைச் சிலிப் படைகள் 1879 பெப்ரவரியிற் கைப்பற்றின. பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. அவ்விழப்பை 1904ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதி செய்தது. பின்னர் ஜேர்மானிய விஞ்ஞானிகள் காற்றின் நைதரசனிலிருந்து உரம் ஆக்கும் முறையைக் கண்டதும் உப்புத் தொழில் நலிந்தது. தொழிலாளர் குடியிருப்புகள் பாழூர்களாயின.

அவற்றுள் ஒன்றான சக்கபுக்கோ, 1973ஆம் ஆண்டு இராணுவப் புரட்சியின் பின்னர் அரசியற் கைதிகளின் தடுப்பு முகாமாக்கப்பட்டது. உப்பெடுத்தோர் வாழ்ந்த வீடுகளிலேயே கைதிகள் அடைக்கப்பட்டனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் கலமா நகரில் 26 கைதிகள் கொல்லப்பட்டு, அவர்தம் உடல்கள் பாலையில் மறைக்கப்பட்டன. அவர்களின் மனைவியரும் தாயரும் சகோதரியரும் மண்வெட்டிகளுடன் ஆண்டுக்கணக்காக மணலைக் கிளறித் தேடினர். 1990இல், இராணுவ ஆட்சி நீங்கிய ஆண்டிலேயே, அவர்களுக்குக் கிடைத்தவை சிறு எலும்புத் துண்டுகளே. முழு உடல்கள் முன்னரே தோண்டியெடுத்து அகற்றப்பட்டிருந்தன.

அதற்கு ஈராண்டின் பின் எழுந்ததே இக்கை. இதனைக் காணாமற்போனோரின் நினைவுச்சின்னமெனத் துணிந்து கூறுதல் மிகையாகும். அதனை வேண்டி நிறுவியது அந்தோபகஸ்தாவின் வளர்ச்சியை நாடிய உள்ளூர்க் கழகமொன்றேயாம். எனினும், எலும்புகள் தேடப்பட்ட அதே பாலையில் மண்ணுள் புதைந்த உடலொன்றின் கைபோல் நிற்கும் உருவைக் கலமாப் பெண்கள் வெறும் காட்சிப்பொருளாக மட்டும் நோக்கியிருப்பர் என எண்ணுதற்கில்லை. சிற்பியின் கருத்து வேறு, நிலம் அதற்கேற்றும் பொருள் வேறு என்பதே எம் துணிபு.

இன்று இக்கையின் அடிப்பாகத்தில் வழிப்போக்கர் தம் பெயர்களைக் கிறுக்கிச் செல்கின்றனர். அவற்றைத் துடைக்கும் பணி அவ்வப்போது நடைபெறுகின்றது.