ஒலிம்பியாட் ஏணியின் முதற்படி

ஒரு நாள் மாலை பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில், பழக்கமான அன்பர் ஒருவர் தம் மகன் பெற்ற பதக்கத்தை என்னிடம் காட்டினார். அதில் 'ஒலிம்பியாட்' என்று பொறித்திருந்தது. "பையன் தங்கம் வாங்கிட்டான் சார். அடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்டார். கட்டணம், பயிற்சி நூல் என்று அவர் செலவழித்த தொகை சிறியதன்று. ஆனால் அது ஒரு தனியார் நிறுவனம் நடத்திய தேர்வு. பன்னாட்டுப் போட்டிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அன்று அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

'ஒலிம்பியாட்' என்னும் பெயரைப் பலரும் தங்கள் தேர்வுகளுக்குச் சூட்டிக்கொள்கின்றனர். பன்னாட்டு மேடைக்கு ஏறும் ஏணி எது என்பதை முதலில் காண்போம். இயற்பியலை எடுத்துக்கொள்வோம். முதற்படி, இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியத் தரத் தேர்வு. இச்சங்கம் 1984-இல் தோன்றியது. இரண்டாம் படி, மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் இந்திய தேசிய இயற்பியல் ஒலிம்பியாட். முதற்படியில் எழுதும் பல்லாயிரவரில் சில நூறு பேரே இதற்கு வருகின்றனர். அவர்களிலிருந்து சுமார் 35 பேர் மும்பை முகாமுக்கு அழைக்கப்படுகின்றனர். முடிவில் ஐவர் இந்திய அணியாகின்றனர். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் நால்வர் வீதம்.

படிகளின் தன்மையும் மாறிக்கொண்டே போகிறது. முதற்படியில் சரியான விடையைக் குறித்தால் போதும். இரண்டாம் படியில் விடைக்கு வந்த வழியை எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாம் படியில் கருவிகளைக் கையாண்டு அளந்து காட்ட வேண்டும்.

பன்னாட்டு இயற்பியல் போட்டியில் கோட்பாட்டுக்கு 30 மதிப்பெண், சோதனைக்கு 20 மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணி நேரம். பங்கேற்போரில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் தங்கம் பெறுகின்றனர். மூன்று பதக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் பாதிப் பேர் ஏதேனும் ஒன்றைப் பெறுகின்றனர். 2018-இல் லிஸ்பன் நகரில் இந்திய மாணவர் ஐவரும் தங்கம் வென்றனர். இன்னொன்றையும் கவனியுங்கள். அணித் தலைவர்கள் வினாத்தாளைத் தத்தம் மொழியில் பெயர்த்துத் தருகின்றனர். ஜப்பானிய மாணவன் ஜப்பானிய மொழியிலேயே எழுதுகிறான். தாய்மொழியில் சிந்திப்பது குறையென்று அங்கு யாரும் கருதுவதில்லை.

இத்தனை மதிப்புடைய ஏணியை முதலில் நட்டவர் யார்? ஒரு பள்ளி ஆசிரியர் என்றால் வியப்பீர்கள்! அங்கேரி நாட்டில், தலைநகர் அல்லாத ஜியோர் என்னும் ஊரில் ஆசிரியராக இருந்தவர் தானியேல் அரானி. அவர் 1894-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகத் தாய்மொழியில் ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். இதழில் கணக்குகள் வரும்; மாணவர்கள் தீர்வு எழுதி அனுப்புவர்; நல்ல தீர்வுகள் எழுதியவர் பெயரோடு வெளியாகும். அதே 1894-இல், புகழ்பெற்ற இயற்பியலறிஞர் லோராந்து ஏட்வஷ் கல்வி அமைச்சரானதைச் சிறப்பிக்க, அங்கேரியின் கணித, இயற்பியல் கழகம் பள்ளிப் படிப்பை முடித்தோருக்கு ஒரு போட்டியை ஏற்படுத்தியது. விமான இயல் வல்லுநர் தியோடர் வான் கார்மன், அணுவியல் அறிஞர் எட்வர்டு டெல்லர் ஆகியோர் இளமையில் இப்போட்டியில் வென்றவர்களே.

விதை அங்கேரியோடு நிற்கவில்லை. 1959-இல் ருமேனியாவில் ஏழு நாடுகள் கூடிப் பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடைத் தொடங்கின. 1967-இல் வார்சாவில் ஐந்து நாடுகளோடு இயற்பியலும், மறு ஆண்டு பிராகாவில் மூன்றே நாடுகளோடு வேதியியலும் தொடர்ந்தன. இந்தியா 1989-இல் கணிதத்திலும், 1998-இல் இயற்பியலிலும், 1999-இல் வேதியியலிலும் பங்கேற்கத் தொடங்கியது.

இதழ் வழியே கணக்குப் போடும் பழக்கம் நமக்கும் புதிதன்று. அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையில் ஓடும் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம் எட்டிவிடும் தூரந்தான். அங்கு வளர்ந்த இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தேறாதவர். ஆனால் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், வாசகர்களுக்கான வினாப் பகுதியில் அவருடைய கணக்குகள் வெளிவந்தன. சான்றிதழ் தராத மதிப்பை அந்த வினாக்கள் அவருக்குத் தேடித் தந்தன.

ஆகவே, ஏணியின் உண்மையான முதற்படி தேர்வு மண்டபத்தில் இல்லை. பதில் தெரியாத ஒரு கணக்கோடு உங்கள் மொழியில் ஒரு மாதம் மல்லுக்கட்டுவதில்தான் அது இருக்கிறது. அடுத்த படியில் ஏற முடியாமற் போனாலும் அந்த உழைப்பு உங்களை விட்டுப் போகாது. பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு குறிப்பேட்டில் உந்தம், முடுக்கம் போன்ற சொற்களுக்கு நேரே ஆங்கிலச் சொற்களையும் எழுதிவைத்துக்கொண்டால் எந்த வினாத்தாளும் உங்களை மிரட்டாது.

இதோ, இம்மாதமே தொடங்குங்கள். காரையின் ஓடைகளில் அம்மோனைட்டுப் படிவங்களும், சாத்தனூரில் கல்லாகிப்போன மரமும் கிடக்கும் ஊர்க்காரர் நாம். அந்தப் படிவங்களை எடுக்க வேண்டாம். அவை எல்லார்க்கும் உரியவை. சாலையோரத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றும் கருங்கல் ஒன்றும் போதும். ஓர் அடி அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு முனையில் கல்லைக் கட்டி, மறுபுறம் வேறொரு பொருளை நகர்த்திச் சமன் செய்து, நடுவிலிருந்து அதன் தொலைவைக் குறியுங்கள். பிறகு கல்லை மட்டும் நீரில் மூழ்கவிட்டு மீண்டும் சமன் செய்யுங்கள். எடைக்கல் ஏதுமின்றி, இந்த இரண்டு தொலைவுகளைக் கொண்டே கல்லின் ஒப்படர்த்தியைக் காண முடியுமா? தொலைவை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை எவ்வளவு தவறும்?

இரண்டாவது கேள்விதான் கடினம். முகாமில் உங்களிடம் கேட்கப்போவதும் அதைப் போன்றதே. அந்த அன்பரின் மகனுக்கும் இக்கணக்கைத்தான் கொடுத்தனுப்பப் போகிறேன்.