கரும்பலகையும் ஒற்றை வலையும்: இடைமுகத்தின் விலை

நிரலில் 'இன்டர்ஃபேஸ்' எனப்படும் இடைமுகங்களை மிகுதியாகப் பயன்படுத்தினால், மென்பொருளைத் தொகுத்துக் கட்டும் நேரம் கூடுமா, குறையுமா? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடைகளுள் ஒன்று, சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ஒருவரின் ஆய்வுக்குழுவிலிருந்து கிடைக்கிறது.

ராஜ் ரெட்டி 1937இல், அன்றைய சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தின் காட்டூரில் பிறந்தவர். கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றார். 1969இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1994இல் டியூரிங் விருது பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் பர்னாஸ், 1972இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்து, வெளியே இடைமுகத்தை மட்டும் காட்டுக என்பது அதன் சாரம். இதை அப்படியே செயற்படுத்தினால் ஓட்டம் மந்தமாகலாம். அந்த இழப்பை நிரலாக்கக் கருவிகளைக் கொண்டு ஈடுகட்டலாம் என்பதையும் அவரே எழுதினார்.

ராஜ் ரெட்டியின் பேச்சறிதல் குழுவில் இரு துருவங்களும் சோதிக்கப்பட்டன. ஹியர்சே-2 அமைப்பில் ஒலி, சொல், தொடரிலக்கணம் ஆகியவற்றுக்குரிய கூறுகள் ஒன்றையொன்று நேரே அழைக்கவில்லை. 'கரும்பலகை' என்னும் பொது இடத்தில் தத்தம் ஊகங்களை எழுதின. ஒன்றைத் திருத்தப் பிறவற்றைத் தொடவேண்டியதில்லை. புரூஸ் லோயரின் ஹார்ப்பி இதற்கு நேர்மாறு: அனைத்தறிவையும் முன்கூட்டியே ஒரே வலையாகத் தொகுத்தது. அமெரிக்கப் பாதுகாப்புத்துறை ஆய்வு முகமையின் ஆயிரம் சொல் இலக்கை 1976இல் எட்டியது அதுவே. வேகத்திலும் அதுவே முந்தியது. ஆனால் சொற்பட்டியலோ இலக்கணமோ மாறினால் முழு வலையையும் மீண்டும் தொகுக்க வேண்டும். அதற்குக் கணினி பல மணி நேரம் உழைத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை உருவாக்கினார். அது கோப்பு திருத்தப்பட்ட நேரத்தை மட்டுமே பார்க்கும். எனவே இடைமுகக் கோப்பில் ஒரு குறிப்புரை மாறினாலும் அதைச் சார்ந்தவை யாவும் மறுபடி தொகுக்கப்படும். கிரேடில் போன்ற இன்றைய கருவிகளோ, ஜாவா நிரலின் வெளித்தோற்றம் மாறாவிடில் அதைச் சார்ந்தவற்றை விட்டுவிடுகின்றன.

ஆக, இடைமுகம் தன்னளவில் வேகமும் தருவதில்லை, தாமதமும் தருவதில்லை. மாற்றம் பரவாமல் தடுக்கும் அணை அது. அணையை அடையாளம் காணும் கருவி இருந்தால்தான் பயன். நாள்தோறும் மாறும் இடைமுகம் வெறும் சுமை. திருப்பதியிலும் சித்தூரிலும் கணினியியல் பயிலும் மாணவர்கள், வகுப்புக்கு ஓர் இடைமுகம் என்று வாய்பாடாக எழுதுமுன், இந்நிரலில் எது மாறும், எது நிலைக்கும் என்று கேட்டுக்கொள்வது நலம்.