ரிப்பன் மாளிகை: மண்டபம் இருந்தா போதுமா?

சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா பக்கத்துலேயே வெள்ளை வெளேர்னு மணிக்கூண்டோட ஒரு கட்டடம் நிக்குமே, ரிப்பன் மாளிகை, அதுதான் இன்னிக்கு கதை. சென்னை மாநகராட்சியோட தலைமை அலுவலகம். இப்போ பொதுமக்களையும் வழிகாட்டியோட உள்ள கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுறாங்க.

மாநகராட்சி பிறந்தது 1688ல. இந்தக் கட்டடத்துக்கு 1909ல மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். 1913ல ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவச்சார். கட்டினவர் லோகநாத முதலியார், செலவு சுமார் 7.5 லட்சம் ரூபாய்.

ஆனா பேர் மட்டும் ஏன் ரிப்பன்? அவர் வைஸ்ராயா இருந்தப்போ, 1882ல, உள்ளாட்சி மன்றங்கள்ல அதிகாரிகளை விட ஊர்க்காரங்களே அதிகமா இருக்கணும்னு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். "ரிப்பன் எங்கப்பன்"னு நம்ம ஜனங்க கொண்டாடினாங்க.

உள்ள போனா மன்றக் கூடத்தைத் தவறவிடாதீங்க. 1920ல, தியாகராய செட்டியார் தலைவரா இருந்த மன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில பிள்ளைங்களுக்கு மதிய உணவு போடத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1 அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. தமிழ்நாட்டு மதிய உணவுக் கதையோட முதல் பக்கம் இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. 1973ல மன்றத்தைக் கலைச்சாங்க. அடுத்த தேர்தல் 1996ல. 23 வருஷம் அதிகாரிகள்தான் ஆட்சி. 2016ல இருந்து 2022 வரைக்கும் மறுபடியும் அதே நிலை. குப்பை அள்ளினாங்க, வரி வாங்கினாங்க, கடிகாரமும் ஓடுச்சு. கேள்வி கேட்க நாம அனுப்பின ஆள்தான் உள்ள இல்ல.

சிறுசேரியில உட்கார்ந்து கேட்கறவங்களுக்கு ஒரு விஷயம். ஓஎம்ஆர்ல சென்னை மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோட முடிஞ்சிடும். சிப்காட் வளாகத்துல எவ்வளவு கண்ணாடிக் கட்டடம் இருந்தாலும், சிறுசேரி கிராம ஊராட்சி. கிராமம்னா கிராம சபை உண்டு. மாநகராட்சி மன்றத்துல கவுன்சிலர்தான் பேச முடியும். கிராம சபையில வாக்காளர் ஒவ்வொருத்தரும் எழுந்து நின்னு வரவு செலவு கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு 6 தடவை.

ஒரே நிபந்தனை: உங்க ஓட்டு அந்த ஊர்ல இருக்கணும். வாடகை சிறுசேரியில, ஓட்டு சொந்த ஊர்லன்னா, அந்தச் சபையில உங்களுக்கு இடம் இல்ல. ரிப்பன் மாளிகையைப் பார்த்துட்டு வந்ததும் வாக்காளர் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துடுங்க.