கேட்டு அடச்சாச்சு!

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிந்ததும் அம்மா சொன்னாள். "மக்களே, நம்ம ரயில் கேட்டுல நாலு பேரு வந்து அளந்துட்டுப் போறாவ. கீழ தோண்டி வழி போடப் போறாவளாம். கேட்டை ஒரேயடியா அடச்சிருவாவளாம்."

நல்ல விஷயம்தானே அம்மா என்றேன்.

"வண்டி வச்சிருக்கவனுக்கு நல்லதுதான். நான் நடந்துல்லா போறேன்?"

அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு வாரமாகக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே ரயிலில் வந்தால் நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை. அதோடு கேரளா முடிந்தது. அடுத்த ஸ்டேஷன் குழித்துறை மேற்கு, அது தமிழ்நாடு. வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. எல்லை ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை.

இந்த எல்லையே 1956 நவம்பர் 1-ல் வந்ததுதான். அதற்கு முன் எல்லாம் திருவிதாங்கூர். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்துக்குப் போய்க் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. எங்கள் குடும்பம் இந்தப் பக்கம், அம்மாவின் அண்ணன் தம்பிகள் அந்தப் பக்கம். ஆனாலும் வரைபடத்தில் போட்ட கோடு யாரையும் நிறுத்தவில்லை. கல்யாணமும் கருமாதியும் அதைத் தாண்டி நடந்துகொண்டேதான் இருந்தன.

மனுஷனை நிறுத்திய கோடு 23 வருஷம் கழித்து வந்தது. அது இரும்பில்!

திருவனந்தபுரத்துக்கு 1918-லேயே ரயில் வந்துவிட்டது. அதற்குத் தெற்கே ஒன்றுமில்லை. நாகர்கோவில்காரர் ரயில் ஏற வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போக வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலி. கன்னியாகுமரிப் பாதைக்கு 1972 செப்டம்பரில் இந்திரா காந்தி வேலையைத் தொடங்கி வைத்தார். 1979 ஏப்ரல் 15 அன்று மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். "ரயில் வந்த வருஷம் பொறந்தவன்" என்றுதான் என் வயதை அம்மா ஊரில் சொல்வாள்.

எங்கள் பக்கத்து நிலம் சமதளம் இல்லை. ஒரு மேடு, ஒரு ஏலா, மறுபடி ஒரு மேடு. ரயிலுக்கோ ஏற்ற இறக்கம் ஆகாது. மேட்டை வெட்டிப் பள்ளமாக்கி, ஏலாவில் மண்ணைக் கொட்டி உயர்த்தித்தான் தண்டவாளம் போட முடியும். வெட்டிய இடத்தில் ரோட்டுக்கு மேலே ஒரு பாலம் கட்டிவிடலாம். உயர்த்திய இடத்தில் கீழே ஒரு வழி விட்டுவிடலாம். தண்டவாளமும் ரோடும் ஒரே மட்டத்தில் சந்திக்கிற இடத்தில்தான் சங்கடம். அங்கே வந்தது கேட். எங்களுக்கு வாய்த்ததும் அதுவே. விளை ஒரு பக்கம், கிணறு மறுபக்கம் என்று ஆகிப்போன வீடுகள் உண்டு.

இப்போது சட்டத்துக்கு வருவோம். (பி.காம். படித்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு 'யார் செலவு' என்று பார்க்காமல் இருக்க முடியாது.) அப்போது நடப்பில் இருந்தது 1890-ஆம் வருட ரயில்வே சட்டம். பாதை போடுவதால் நிலத்துக்காரரின் புழக்கம் தடைப்பட்டால், அதற்கு வேண்டிய கிராசிங், பாலம், மதகு எல்லாம் ரயில்வே செய்து தரவேண்டும். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. பாதை திறந்து 10 வருஷம். அதற்குப் பிறகு மாநில அரசோ, உள்ளூர் நிர்வாகமோ, நிலத்துக்காரரோ கூடுதலாக ஒரு வழி கேட்டால், கேட்கிறவர்தான் பணம் கட்டவேண்டும். பின்னால் வந்த 1989 சட்டமும் இதே அமைப்பைத்தான் வைத்துக்கொண்டது.

எங்கள் பாதைக்கு அந்தக் கெடு 1989 ஏப்ரலில் முடிந்தது. அன்றைக்கு ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட் மூடினால் கடலை வாங்கித் தின்றுகொண்டே கதை பேசுவோம். மேம்பாலம் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கடன் தெரிய ஆரம்பித்தபோது கெடு தாண்டியிருந்தது.

எங்கள் வீட்டுக்கு அது 2001-ல் தெரிந்தது. அப்பாவுக்கு ஒரு விடியற்காலையில் இடது கை விழுந்துவிட்டது. ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனால் கேட் அடைத்திருக்கிறது. ஒரு வண்டி போயிற்று. திறக்கவில்லை, எதிரே இன்னொன்று. மொத்தம் 18 நிமிஷம். நான் கேட் கீப்பரிடம் போய்க் கத்தினேன், கெஞ்சினேன். அவர் லீவரைக் காட்டி, "தம்பி, சிக்னல் குடுத்தாச்சு. நான் நெனச்சாலும் தொறக்காது" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னது உண்மை என்று பிறகுதான் புரிந்தது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும். பச்சை விழுந்தபின் ரயில் தாண்டும் வரை கேட் திறக்காது. இந்த ஏற்பாடு இல்லாத கேட்டில் எல்லாமே ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் சொல்லிக்கொள்ளும் ரகசிய எண்ணை நம்பித்தான். இதில் எது தேவலை? அப்பாவை மறித்தது முதல் வகை. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அங்கே இருந்தது இரண்டாவது வகை. அந்த இடத்தில் சுரங்கப்பாதை போட முழுச் செலவையும் ஏற்க முன்வந்தும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஒரு வருஷமாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே அன்று சொன்னது. காகிதம் எந்த மேஜையில் கிடந்தாலும், விலை கொடுத்தது பிள்ளைகள்.

அப்பா பிழைத்துக்கொண்டார். கை மட்டும் பழையபடி வரவில்லை. அந்த 18 நிமிஷத்தால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சரி, ஒரு கேட்டுக்குப் பதிலாக மேம்பாலமோ சுரங்கப்பாதையோ எப்போது கிடைக்கும்? அதற்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை ரோட்டு வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். 40 ரயில், 2,500 வண்டி என்றால் பெருக்குத்தொகை 1 லட்சம். அந்த 1 லட்சத்தைத் தொட்டால் ரயில்வே பாதி, மாநிலம் பாதி என்று செலவைப் பகிரலாம். இந்தக் கணக்கில் காருக்கு ஒன்று, ஆட்டோவுக்கு அரை. நடந்து போகிறவருக்கு? பூஜ்யம். அம்மா தினமும் நாலு தடவை கேட்டைத் தாண்டினாலும் அந்தப் பேரேட்டில் அவள் இல்லை.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். தண்டவாளம் ஒன்று, அதைப் பார்த்துக்கொள்வது ஒரே திருவனந்தபுரம் கோட்டம். ஆனால் பாறசாலைப் பக்கத்துக் கேட்டுக்குப் பாதிப் பணம் கேரளா தரவேண்டும், அடுத்த சில மைலில் குழித்துறைப் பக்கத்துக் கேட்டுக்குத் தமிழ்நாடு. இரண்டு தலைநகரங்களுக்கும் நாங்கள் கடைசி ஊர். 2015-16-ல் கன்னியாகுமரி வரை இரட்டைப் பாதைக்கு அனுமதி வந்தது. இரண்டாவது தண்டவாளம் என்றால் இன்னும் அதிக ரயில், இன்னும் அதிக நேரம் மூடிய கேட். ஆகவே கேட் போகத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் இருக்கும் மெல்போர்னிலும் இதே தலைவலி இருந்தது. கிளேட்டன் ரோட்டில் ஒரு கேட், அதே ரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்பாவின் ஜீப் ஞாபகம் வரும். விக்டோரியா அரசு 2015-ல் ஒரு திட்டம் தொடங்கி, 2030-க்குள் 110 கிராசிங்குகளை எடுப்பதாக இலக்கு வைத்திருக்கிறது. கிளேட்டன் ரோடு உட்பட ஒன்பது கிராசிங்குகள் எங்கள் பாதையில் 2018-ல் ஒழிந்தன. ரோட்டைத் தோண்டவில்லை, ரயிலையே தூண்மேல் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் எட்டிப்பார்க்குமே, சத்தம் வருமே என்று எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கீழே ரோடு இருந்த மட்டத்திலேயே இருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவரும், கைத்தடியோடு வருகிறவரும் நேரே நடந்து போகலாம்.

நம் ஊரில் சின்ன ரோடுகளுக்கு வருவது உயரம் குறைந்த சுரங்கப்பாதை. தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் பெட்டியைத் தள்ளி உட்காரவைத்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், பெரும்பாலும் ரயில்வேயே பணம் போடும். ஆனால் பெரிய பஸ் நுழையாது. ஏலா ஓரத்தில் பள்ளம் தோண்டினால் தண்ணீர் எங்கே போகும்? எங்களுக்கு இடவப்பாதியும் உண்டு, துலாமழையும் உண்டு. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், எதிரே லாரி வருகையில்... நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கேட்டை நிரந்தரமாக மூட மாநில அரசின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் போகும்முன்தான் ஊர்க்காரர் பேச முடியும். ஓரத்தில் உயர்த்திய நடைபாதை உண்டா, மழைத்தண்ணீர் எங்கே வடியும், பம்ப் வைத்தால் கரண்டு பில் யார் கட்டுவது, பஸ் எந்த வழி சுற்றும். இதையெல்லாம் முதல் பெட்டி இறங்குவதற்கு முன்னால் கேட்கவேண்டும். 1989-ல் கேட்காமல் விட்டோம்.

நாம் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் போய், வாடகைக் காரில் ஏசி போட்டுக்கொண்டு கேட்டில் நின்று, 'இன்னும் மாறவே இல்லை' என்று அலுத்துக்கொள்கிறவர்கள். நமக்கு அது பத்து நிமிஷம். அந்தப் பக்கம் கிணறும் கோயிலும் ரேஷன் கடையும் இருக்கிறவர்களுக்கு அது அன்றாடம். ஊரில் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரம் போனில் கேட்டுப் பாருங்கள்.

நான் பஞ்சாயத்துக்குக் கொடுக்க ஒரு மனு எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு கைப்பிடியும் வைக்கச் சொல்லு மக்களே, எறங்கும்போ பிடிச்சுக்க" என்றாள்.

சேர்த்துவிட்டேன்.