பராமரிப்பு மையத்தில் சேர்க்கும் முன்: பதிவுச் சான்றிதழும் உங்கள் பொறுப்பும்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலான வளர்ச்சிசார் குறைபாடு உடையவர்களைப் பராமரிக்கும் எந்தத் தனியார் இல்லமும், எந்தப் பகல்நேர மையமும், அரசின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இயங்கக் கூடாது என்பது சட்டம். இச்சட்டம் உங்களுக்கு எவ்வாறு துணை நிற்கிறது, எந்த இடத்தில் உங்கள் கண்காணிப்பு தேவைப்படுகிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீனும் பூவும் காய்கறியும் விற்பவர்களில் பலர் விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்புகின்றனர். அத்தகைய ஒரு தாய்க்குப் பேச்சு வராத, 20 வயது மகன் இருப்பதாகக் கொள்வோம். மார்க்கெட்டுக்கு அருகே ஒரு கட்டடத்தின் மாடியில் புதிதாக மையம் திறந்திருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் கூறுகிறார். கட்டணமும் கட்டுப்படியாகிறது. அந்தத் தாய் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதிவு ஏன் கட்டாயமாக்கப்பட்டது?

தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்ல இயலாத ஒருவர், பூட்டிய கதவுக்குள் பிறரை நம்பி வாழும்போது ஆபத்து பன்மடங்காகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் வளர்ச்சிசார் குறைபாட்டுக்காக அங்கே தங்கவைக்கப்பட்டவர்கள் அல்லர். எனினும், வெளியார் பார்வை படாத இடத்தில் என்ன நேரக்கூடும் என்பதை நாடு முழுவதற்கும் உணர்த்திய நிகழ்வு அது.

மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும் என்ற விதி 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்விதியைத் தொடர்கிறது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. தங்கவைத்தல், பராமரித்தல், பாதுகாத்தல், கல்வி அளித்தல், பயிற்சி அளித்தல், மறுவாழ்வு அளித்தல் ஆகிய அனைத்துப் பணிகளையும் செய்யும் நிறுவனங்களை இது உள்ளடக்கும். ஆகவே, "இரவில் யாரும் தங்குவதில்லை, பகலில் மட்டும் பார்த்துக்கொள்கிறோம்" என்று கூறும் மையத்துக்கும் பதிவு தேவை. மத்திய, மாநில அரசுகள் தாமே நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு உண்டு.

எந்த இடத்துக்கு எந்தச் சட்டம்?

பல குடும்பங்கள் குழம்பும் இடம் இது. பின்வரும் வேறுபாடுகளை நினைவில் கொள்ளுங்கள்.

• வளர்ச்சிசார் குறைபாடு உடையவர்களுக்கான இல்லம், சிறப்புப் பள்ளி, பகல்நேர மையம்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் கீழ்ப் பதிவு தேவை.

• 18 வயதுக்குட்பட்ட, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம்: இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் கீழும் பதிவு தேவை.

• மனநோய்க்கு உள்நோயாளியாகச் சிகிச்சை அளிக்கும் நிலையம்: மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் கீழ்ப் பதிவு தேவை. அறிவுசார் குறைபாடு மனநோய் ஆகாது என்று இச்சட்டமே தெளிவுபடுத்துகிறது. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ மனநோயும் சேர்ந்து இருந்தால், அதற்குரிய சிகிச்சையைத் தனியே மனநல மருத்துவரிடம் பெற வேண்டும்.

சங்கப் பதிவு, அறக்கட்டளைப் பத்திரம், வருமான வரி விலக்குச் சான்று ஆகியவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைக் காணலாம். அமைப்பு முறைப்படி தொடங்கப்பட்டது என்பதையும் அதன் வரவு செலவு தொடர்பானவற்றையும் மட்டுமே அவை காட்டும். பராமரிப்பு மையமாக இயங்க அனுமதி பெற்றதற்கு அவை சான்று ஆகா.

சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழின் நகலை அனைவரும் காணும் இடத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. எனவே அதைப் பார்க்க விரும்புவதாகக் கூறத் தயங்க வேண்டாம். நீங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரிதான் சான்றிதழில் உள்ளதா, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். "புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம்" என்று கூறினால் விண்ணப்பித்த தேதியைக் கேளுங்கள். காலம் முடிவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன்பே புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். "புதிதாக விண்ணப்பித்துள்ளோம்" என்ற பதிலும் போதாது. விண்ணப்பம் பெறப்பட்ட 90 நாள்களுக்குள் உரிய அலுவலர் சான்றிதழ் வழங்க வேண்டும் அல்லது காரணத்தைத் தெரிவித்து மறுக்க வேண்டும். ஐயம் இருப்பின், புதுச்சேரியில் மாற்றுத்திறனாளிகள் நலப் பணிகளைக் கவனிக்கும் சமூக நலத் துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணியாளர்களின் தகுதியையும் கேட்டறியுங்கள். சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் போன்ற மறுவாழ்வுத் துறையினர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை அவர்களிடம் கேட்கலாம்.

நேரில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆய்வு நடந்த நாளில் அந்த இடம் எப்படி இருந்தது என்பதைச் சான்றிதழ் கூறும். இன்று எப்படி இருக்கிறது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். முடிந்தால் உணவு நேரத்தில் செல்லுங்கள்.

• நடக்க இயலாதவர்கள் மாடிக்கு எப்படிச் செல்கின்றனர்? தீப்பற்றினால் எந்த வழியாக, யார் துணையுடன் வெளியேறுவர்? மாற்று வழி உண்டா?

• யாரையேனும் கட்டிவைத்தோ அறையில் பூட்டியோ இருக்கின்றனரா? இது எந்தக் காரணத்தாலும் பராமரிப்பு முறை ஆகாது.

• மூளை முடக்குவாதம் உடையவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து உணவூட்டுகின்றனரா? படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியா ஏற்படலாம்.

• யாருக்கு, எந்த மாத்திரை, எந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது என்று பதிவேடு எழுதுகின்றனரா?

• முன்னறிவிப்பு இன்றி நீங்கள் வந்து பார்க்க அனுமதி உண்டா?

கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், மற்றவை எவ்வளவு சிறப்பாக இருப்பினும் அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே மருத்துவர் என்ற முறையில் என் அறிவுரை. கடையை எடுத்துவைத்துவிட்டு நண்பகலில் வரும் தாய்க்குக் கதவு திறக்கப்பட வேண்டும்.

சேர்த்த பின்னர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

பேச இயலாதவர்களின் துன்பத்தை அவர்கள் உடலிலும் நடத்தையிலும் காணலாம். பின்வருவனவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

• காரணம் தெரியாத எடைக் குறைவு, வறண்ட நாக்கு, சிறுநீர் குறைதல்

• காயம், கன்றிப்போன தடம், படுக்கைப் புண், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிய தழும்பு

• முன்பு இல்லாத தூக்கக் கலக்கம். மருத்துவர் பரிந்துரைக்காத மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம்.

• கட்டுக்குள் இருந்த வலிப்பு மீண்டும் வருதல். மாத்திரை தவறியிருக்கலாம்.

• மையத்துக்குச் செல்ல மறுத்தல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு அஞ்சுதல், தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல்

இவற்றுக்கு நோயும் காரணமாக இருக்கலாம். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவை கூட நடத்தையை மாற்றும். ஆகவே பழி சுமத்துவதற்கு முன் பரிசோதனை தேவை. அதே வேளையில், "இவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று விட்டுவிடவும் கூடாது. காயங்களைத் தேதியுடன் புகைப்படம் எடுத்து வையுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

யாரிடம் புகார் அளிப்பது?

உடனடி ஆபத்து இருந்தால் 112 என்ற எண்ணையும், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குட்பட்டவரானால் 1098 என்ற எண்ணையும் அழையுங்கள். வன்கொடுமை நடந்தாலும், நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலும், எவர் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் அளிக்கலாம். நீங்கள் உறவினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதிக்கப்பட்டவரை மீட்கவும் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கவும் நடுவர் ஆணையிடலாம். தமது பொறுப்பில் உள்ள மாற்றுத்திறனாளிக்கு வேண்டுமென்றே உணவோ நீரோ மறுப்பவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். வழக்கு நடத்த மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தின் வழியாக இலவச உதவி கிடைக்கும்.

"புகார் அளித்தால் மையத்தை மூடிவிடுவார்களே, பிறகு எங்கே விடுவது?" என்ற அச்சத்தால் பல பெற்றோர் மௌனம் காக்கின்றனர். பதிவு ரத்து செய்யப்பட்டால், அங்கிருப்பவர்களைப் பெற்றோரிடமோ சட்டப்பூர்வப் பாதுகாவலரிடமோ ஒப்படைக்க, அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற்ற, உரிய அலுவலர் ஆணையிடலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

18 வயது நிறைந்தவர்களுக்கு

பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலராகத் தொடர்வதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் அமைந்த உள்ளூர் நிலைக் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. இதற்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். கடமை தவறினால் அவரை நீக்கவும் முடியும். "எனக்குப் பிறகு யார்?" என்ற கேள்வி உங்களை வாட்டுமானால், நீங்கள் நலமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

குறைபாடு உள்ளது என்ற காரணத்துக்காக மட்டும் எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும், சமுதாயத்தோடு சேர்ந்து வாழ்வது மாற்றுத்திறனாளியின் உரிமை என்றும் சட்டம் கூறுகிறது. மையம் அந்த வாழ்க்கைக்குத் துணையாக இருக்க வேண்டும். சேர்க்கும் நாளில் சான்றிதழைப் பாருங்கள். சேர்த்த பின் அடிக்கடி சென்று உங்கள் பிள்ளையைப் பாருங்கள்.