தமிழுக்கு எழுத்து மூன்றா, ஐந்தா?



மலாக்கா மாநிலத் தோட்டப்புறப் பள்ளியொன்றின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகப் புதிர்ப் பக்கம் ஒன்றை அமைத்தேன். இணைய நிரலாக்கம் கற்கத் தொடங்கியிருந்த காலம் அது. "தமிழ் என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்?" என்பது முதற்கேள்வி. மாணவி ஒருத்தி 3 என்று விடையளித்தாள். பக்கமோ "தவறு" என்றது. அவள் விரல்களை மடக்கி மீண்டும் எண்ணத் தொடங்கினாள். சரியாகச் சொன்ன குழந்தையைத் தன்மீதே ஐயுறச் செய்துவிட்டேனே என்று வருந்தினேன்.

நிரலை வரிவரியாகப் படித்தும் பிழை புலப்படவில்லை. பின்னர், அச்சொல்லைத் தாங்கியிருந்த மாறியின் உள்ளே என்ன இருக்கிறது என்று உலாவியின் வழுநீக்கப் பலகத்தில் திறந்து பார்த்தேன். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் இருந்தன!

ஊகிப்பதை விட்டு உள்ளே பார்க்கும் இவ்வழக்கம் பழமையானது. கேம்பிரிட்ஜில் 1949இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், நிரல் நின்றபின் நினைவகத்தில் எஞ்சிய மதிப்புகளை அச்சிட்டு ஆராய்ந்தனர். அதற்குப் 'பிணப் பரிசோதனை' என்றே பெயர். நிரல் ஓடும்போதே அதன் போக்கை அச்சிட்டுக் காட்டும் முறையை ஸ்டான்லி கில் 1951இல் விளக்கினார். ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் பிறந்தபின், 'அலர்ட்' பெட்டியில் மதிப்பைக் காட்டச் செய்து பார்ப்பது வழக்கமாயிற்று. 2006இல் வந்த ஃபயர்பக், பக்கத்தை நிறுத்தி மாறிகளைப் பார்க்க வழிசெய்தது. இன்று அவ்வசதி உலாவிகளிலேயே உள்ளது.

ஆனால், ஐந்து எவ்வாறு வந்தது? தொடக்கத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறை இருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலம் அது. 1991இல் வெளிவந்த யூனிகோடு, இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவியது. நம் 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி இடமில்லை. நம் இலக்கணத்தில் க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து க ஆகிறது. யூனிகோடிலோ க என்பதே அடிப்படை. அதன்மேல் புள்ளியிட்டால்தான் க் பிறக்கும்.

கணினி எண்ணியது குறியீடுகளை. அவள் எண்ணியதோ எழுத்துகளை. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணுமாறு நிரலைத் திருத்தினேன். மறுநாள் அவள் மீண்டும் 3 என்றே தட்டினாள். "சரி" என்றது பக்கம்.

மாணவரின் விடை நம் விடைக்கு ஒவ்வாதபோது, சிவப்பு மையை எடுக்குமுன் நம் விடையையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.