பழைய உருவுக்குத் திரும்பிய பள்ளி

குருபரப்பள்ளியில் ‘பள்ளி’ என்பது ஊரைக் குறிக்கும். கேரளத்திலோ அச்சொல் தொழுகையிடத்தையும் குறிக்கும். அங்குள்ள கொடுங்கல்லூர்ச் சேரமான் ஜும்ஆ பள்ளி கி.பி. 629-இல் எழுந்தது என்பது மரபு. இன்றுள்ள கட்டடம் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பர் ஆய்வாளர்.

கேரளத்தின் பழைய பள்ளிகளில் குவிமாடம் இராது. சாய்வான ஓட்டுக்கூரையே உண்டு. பெருமழை நீர் தேங்காமல் வடிவதற்கு ஏற்ற அமைப்பு அது. தொழுவோர் பெருகவே, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேரமான் பள்ளியைச் சுற்றிக் கான்கிரீட் கட்டடமும் குவிமாடமும் எழுந்தன. பழைய பகுதி உள்ளே மறைந்தது.

பழமையைக் காப்பதா, இடம் தருவதா? 2000-களின் பிற்பகுதியில் தொடங்கிய முசிறி மரபுரிமைத் திட்டத்தின்கீழ் இரண்டிற்கும் வழி காணப்பட்டது. புதிய சேர்க்கைகளை அகற்றுவது, கூடுதல் தொழுகைக்கூடத்தை நிலத்தடியில் அமைப்பது என்பதே அவ்வழி. புதுப்பித்தல் என்றால் கூட்டுவது மட்டுமன்று, கழிப்பதும் ஆகும்.